மேட்டில் கருகும் கிளட்ச்: மினிபைக்கில் டார்க் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

களையெடுக்கும் பவர் வீடரில் வருகிற 196 சிசி எஞ்சின், வெல்டிங் பட்டறையில் வளைத்த பைப் ஃபிரேம், கொழுத்த 19 அங்குல டயர், பின்சக்கரத்துக்கு ஒரு செயின். மினிபைக் என்றால் இவ்வளவுதான். கியர் கிடையாது, கிளட்ச் லீவர் கிடையாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் போகும், விட்டால் நிற்கும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து மாந்தோப்புகளுக்குள் சமதளத்தில் ஓட்டுகிறவரை இதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தோப்பைத் தாண்டிக் கரடு ஏற ஆரம்பித்தால்தான் சங்கதி தெரியும். பாதி மேட்டில் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது, காலுக்குப் பக்கத்திலிருந்து பிரேக் லைனிங் கருகுகிற வாடை வரும்.

பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகிற பையன் கேட்பது வழக்கமாக ஒன்றுதான்: "அண்ணா, மேடு ஏறவே மாட்டேங்குது. பெரிய எஞ்சின் போட்டுடலாமா?"

அனுபவப்பட்ட மெக்கானிக் எஞ்சினைத் தொடவே மாட்டார். கிளட்ச் டிரம்மைத் துடைத்துக் காட்டுவார். அதன் விளிம்பைச் சுற்றி நீலமும் ஊதாவும் கலந்த ஒரு வளையம் ஓடியிருக்கும். எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அப்படி நீலம் பாயும். "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி. அது குடுக்குற சக்தி சக்கரத்துக்குப் போகல, இங்க எரியுது."

கரட்டுப் பாதையில் மினிபைக்குக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டவை. குதிரைத்திறன் குறைவு என்று நாம் நினைப்பது, உண்மையில் கிளட்ச் கவ்வுகிற வேகத்துக்கும் நாம் ஓட்டுகிற வேகத்துக்கும் உள்ள பொருத்தமின்மை. அதைப் புரிந்துகொள்ளாமல் 212 சிசி எஞ்சினை மாட்டினால், இன்னும் கொஞ்சம் வேகமாகக் கருகும், அவ்வளவே. இந்தப் பொருத்தமின்மைக்கு மருந்துதான் டார்க் (முறுக்குவிசை) கன்வெர்ட்டர் என்கிற பெல்ட் அமைப்பு.

டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் ஏறுகிறதே?

நியாயமான கேள்வி. மினிபைக்கில் இருப்பது மையவிலக்கு கிளட்ச், எஞ்சின் வேகம் ஏறினால் தானாகக் கவ்வுவது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அது புதிதல்ல. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வெளியே வந்தது. அன்று ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அந்த வழியில் வந்த எக்ஸ்எல் 100-இலும் ஒற்றை வேகம்தான், மையவிலக்கு கிளட்ச்தான். இரண்டு மூட்டை புண்ணாக்கையும் பால் கேனையும் ஏற்றிக்கொண்டு அது மேடு ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதைவிட இரண்டு மடங்கு சிசி உள்ள மினிபைக் ஏன் திணறுகிறது?

முதலில் கிளட்ச் வேலை செய்கிற விதம். எஞ்சின் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு மையம், அதில் ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டப்பட்ட ஷூக்கள், அவற்றைச் சுற்றி ஒரு டிரம். டிரம்மோடு செயின் ஸ்ப்ராக்கெட் (பற்சக்கரம்) ஒட்டியிருக்கும். எஞ்சின் வேகம் ஏற ஏற ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மின் உட்சுவரைக் கவ்வும். இந்த விரிகிற விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) இருப்பதைப்போல நான்கு மடங்கு விசை 3600-இல் கிடைக்கும். மினிபைக் கிளட்ச்சுகள் சுமார் 1800 முதல் 2200 ஆர்பிஎம்முக்குள் கவ்வத் தொடங்கும். முழுதாக இறுகுவது அதற்கும் கொஞ்சம் மேலே.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். எக்ஸ்எல் 100-இன் 99.7 சிசி எஞ்சின் உச்சத் திறனைத் தருவது 6000 ஆர்பிஎம்மில். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற எஞ்சின் என்பதால் சக்கரத்துக்கு வருவதற்குள் அதன் சுழற்சியை நிறையக் குறைக்கிறார்கள். குறைக்கக் குறைக்க இழுவை கூடும். கிளட்ச் கவ்விய வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் நடுவே தாராளமான இடைவெளியும் கிடைக்கிறது. போதாததற்கு அந்தக் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும்.

பவர் வீடர், பம்புசெட் வகை எஞ்சின் அப்படியல்ல. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் அதை 3600-க்கு மேல் விடாது. 2000-இல் கவ்வி 3600-இல் முடிகிறது. நமக்குப் புழங்கக் கிடைப்பது இரண்டு மடங்கு கூட இல்லாத ஒரு குறுகிய பட்டை. அந்தப் பட்டைக்குள் ஒற்றை விகிதத்தை வைத்துக்கொண்டு ரோட்டு வேகமும் வேண்டும், கரட்டு இழுவையும் வேண்டும் என்றால் எப்படி நடக்கும்? கிளட்ச்சோ உலர்ந்தது, காற்றைத் தவிர அதைக் குளிர்விக்க வேறு ஆளில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வண்டி 60 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, ஆக 135. முன்னால் 10 பல், பின்னால் 50 பல், விகிதம் 5:1. ஆள் ஏறி உட்கார்ந்தபின் சக்கரத்தின் ஆரம் 23 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கு ஹோண்டா ஜிஎக்ஸ் 200-ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். சந்தையில் 168எஃப் என்று வருகிற எஞ்சின்கள் பெரும்பாலும் அதன் அச்சில் வார்த்தவைதான். 196 சிசி, அதிகபட்ச முறுக்குவிசை 2500 ஆர்பிஎம்மில் 12.4 நியூட்டன் மீட்டர்.

கிளட்ச் வழுக்காமல் இறுகியிருக்கும்போது எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் சுற்றினால் வண்டி மணிக்கு சுமார் 35 கி.மீ. வேகத்தில் போகும். 3600-இல் 62 கி.மீ. இந்த 35 என்ற எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அதற்குக் கீழே எந்த வேகத்தில் போனாலும் கிளட்ச் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. உண்ணிச்செடிப் புதருக்குள் வளைந்து, உருளைக்கல்லில் தாவி, ஓடையில் இறங்கி ஏறுகிற பாதையில் யார் 35-இல் போவார்கள்? பத்து, பன்னிரண்டு, மிஞ்சினால் இருபது. அப்படியானால் கரட்டில் ஓடுகிற நேரம் முழுவதும் அந்தக் கிளட்ச் ஒருமுறைகூட முழுதாக இறுகுவதில்லை.

மணிக்கு 10 கி.மீ. வேகத்தில், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி, எஞ்சின் 2500-இல் உறுமும்போது டிரம் சுற்றுவது சுமார் 580 ஆர்பிஎம்தான். எஞ்சின் தரும் 3.25 கிலோவாட்டில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது இரண்டரை கிலோவாட், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே சூடாகிறது. குளியலறை கெய்சருக்குக்கூட இரண்டு கிலோவாட் போதும். இங்கே அதைவிட அதிகமான சூடு, உள்ளங்கை அகல டிரம்மில், தண்ணீர் இல்லாமல். நீல வளையம் எங்கிருந்து வந்தது என்று இனி கேட்க வேண்டியதில்லை.

இழுவைக் கணக்கும் இதே கதைதான். நான்கடி போனால் ஓரடி ஏறுகிற சரிவை எடுத்துக்கொள்வோம். சுமார் 14 டிகிரி. ரோட்டில் அது பயங்கரமான ஏற்றம், கரட்டில் சாதாரணம். 135 கிலோவை அதில் ஏற்ற, இளகிய செம்மண்ணின் தடையையும் சேர்த்து, பின்சக்கரம் ஏறத்தாழ 39 கிலோ விசையில் தள்ள வேண்டும். 5:1 விகிதத்தில் இந்த எஞ்சினால் தள்ள முடிவது 26 கிலோ. ஏழடிக்கு ஓரடி என்ற சரிவுவரை அது தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் வாடைதான் வரும்.

பெல்ட் ஏறி இறங்கும் வித்தை

மினிபைக் உலகில் டார்க் கன்வெர்ட்டர் என்று விற்பது ஆட்டோமேட்டிக் காரில் இருக்கும் எண்ணெய்ச் சாதனம் அல்ல. இரண்டு புல்லி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். அமெரிக்காவின் காமெட் நிறுவனம் டார்க்-ஏ-வெர்ட்டர் என்ற பெயரில் விற்ற 30 சீரிஸ் அமைப்பின் நகல்கள்தான் இன்று எங்கும் கிடைப்பவை. ஸ்கூட்டர் பிரித்த மெக்கானிக்குக்கு இதைப் பார்த்ததும் விளங்கிவிடும். 1958-இல் டச்சு நிறுவனமான டாஃப் தன் 600 காரில் வைத்த வேரியோமேட்டிக்கும், 1984-இல் நம் ரோட்டுக்கு வந்த கைனெடிக் ஹோண்டாவும், இன்று வீட்டு வாசலில் நிற்கும் ஆக்டிவாவும் ஜூபிடரும் இதே குடும்பம்.

எஞ்சின் தண்டில் மாட்டுவது முன்புல்லி. அதன் இரண்டு தட்டுகளில் ஒன்று அசையாது, மற்றது நகரும். ஐடிலிங்கில் தட்டுகள் விலகி இருக்கும். பெல்ட் நடுவே தொளதொளவென்று கிடக்கும், வண்டி நிற்கும். வேகம் ஏறும்போது உள்ளே இருக்கும் எடைகள் வெளியே விரிந்து நகரும் தட்டைத் தள்ள, பெல்ட் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டுப் பிடிபடும். அதுதான் கவ்வுதல். இன்னும் வேகம் ஏறினால் தட்டுகள் மேலும் நெருங்கி, பெல்ட் புல்லியின் விளிம்பை நோக்கி மேலேறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின்புல்லியில் அது உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். முன்னால் சிறிய வட்டம், பின்னால் பெரிய வட்டம் என்று தொடங்கியது, போகப்போகத் தலைகீழாகிறது. 30 சீரிஸில் தொடக்க விகிதம் சுமார் 2.7:1, முடிவில் 0.9:1. நடுவில் படிகள் இல்லை, வழுவழுவென்று மாறும்.

இத்தனையும் எஞ்சின் வேகத்தைப் பார்த்து நடப்பவை. மேட்டுக்கு உதவுகிற சங்கதி பின்புல்லியில் இருக்கிறது. அதன் நகரும் தட்டு நேராக நகர்வதில்லை, சாய்வான ஒரு தடத்தில் முறுக்கிக்கொண்டே நகரும். கூடவே ஒரு ஸ்பிரிங் அதை மூடப் பார்க்கும். சமதளத்தில் 30-இல் போய்க்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று ஒரு மேட்டில் முட்டினால், சக்கரம் திரும்பத் தயங்கும், பின்புல்லியில் முறுக்கு ஏறும். அந்த முறுக்கே சாய்வின் வழியாகத் தட்டை மூடி, பெல்ட்டை வெளிவிளிம்புக்குத் தள்ளிவிடும். விகிதம் தானாகக் கீழே இறங்குகிறது. ஓட்டுபவர் இரண்டாம் கியர், முதல் கியர் என்று மிதித்துத் தேட வேண்டியதில்லை. மேடு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கீழே போகும், மேடு முடிந்ததும் திரும்ப மேலே வரும். வெறும் கிளட்ச்சுக்கு இந்தச் சரிவு உணர்வு அறவே கிடையாது.

ஸ்கூட்டரோடு ஒப்பிடும்போது ஒரு முக்கியமான வேறுபாட்டை நம் மெக்கானிக்குகள் கவனிக்க வேண்டும். ஆக்டிவாவில் பெல்ட் எப்போதும் பிடிபட்டே இருக்கும். வழுக்குகிற வேலையைப் பின்புல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் தனி மையவிலக்கு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். மினிபைக் கன்வெர்ட்டரில் அந்தத் தனிக் கிளட்ச் இல்லை. பெல்ட்டே கிளட்ச். கிளம்பும்போது வழுக்குவதும் அதுதான், இழுப்பதும் அதுதான். ஆகவே ஸ்கூட்டர் பெல்ட் தரும் ஆயுளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. மேட்டில் வண்டியைப் பாதி ஆக்சிலேட்டரில் பிடித்து நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர் ஒரே மாலையில் பெல்ட்டைக் கண்ணாடிபோல் பளபளக்க வைத்துவிடுவார். பிரேக்கில் நிறுத்தி, திருகும்போது தயங்காமல் திருகிக் கிளம்புவதுதான் இதற்கு ஏற்ற முறை.

மாட்டினால் என்ன கிடைக்கும்

அதே வண்டி, அதே 10–50 பல். தொடக்க விகிதம் 2.7-ஐப் பெருக்கினால் மொத்தம் 13.5:1. பெல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று தாராளமாகவே கழித்தாலும் பின்சக்கரத்தில் 59 கிலோ விசை கிடைக்கும். தேவை 39 என்று பார்த்தோம். கவ்வியபின் வழுக்கல் நிற்கும் வேகம் 35-இலிருந்து 13 கி.மீ.க்கு இறங்குகிறது. மேல் முனையில் 0.9 விகிதம் என்பதால் கணக்குப்படி 69 வரை போகலாம். காற்றுத் தடையும் எஞ்சின் வலுவும் அதற்கு விடுமா என்பது வேறு. மினிபைக்கின் குட்டைச் சக்கர அடித்தளத்தில் அந்த வேகம் தேவையும் இல்லை.

இன்னொன்றும் செய்யலாம் என்பது என் கட்சி. கன்வெர்ட்டரோடு சேர்த்துப் பின்னால் 60 பல் போட்டால் வழுக்கல் 11 கி.மீ.க்குள் முடிந்துவிடும், மேல் வேகம் 58-க்குக் குறையும். கரட்டுக்கு இதுவே சரியான ஜோடி.

அப்படியானால் கன்வெர்ட்டர் இல்லாமல் பின் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் பெரிதாக்கினால் போதாதா? பலர் அதைத்தான் முதலில் முயல்கிறார்கள், செலவும் குறைவு. 60 பல்லில் தள்ளுவிசை 31 கிலோ, 72 பல்லில் 37. அப்போதும் நம் நாலுக்கு ஒன்று சரிவுக்கு எட்டவில்லை. உச்ச வேகம் 43-க்கு வந்துவிடும். அரை அங்குலப் பிட்ச் செயினில் 72 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் 29 செ.மீ.; தரையிலிருந்து அதன் விளிம்புக்கு ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது, முதல் பாறையிலேயே பல் நசுங்கும். ஆனால் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, ஏரிக்கரை என்று சமதளத்திலேயே சுற்றுகிறவருக்கு 60 பல் தாராளமாகப் போதும். அவர் கன்வெர்ட்டருக்கு மூன்று நான்கு மடங்கு காசு கொடுப்பது வீண். காவேரிப்பட்டணத்துத் தோப்புக்கும் அஞ்செட்டிப் பக்கத்துச் சரிவுக்கும் ஒரே மருந்து எழுதக் கூடாது.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது

ஆன்லைனில் வருகிற 30 சீரிஸ் கிட்டின் துளை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. நம் ஊரில் வீடரிலிருந்து கழற்றிய எஞ்சின் தண்டு 19.05-ஆக இருக்கலாம், 20 மி.மீ.யாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கிட் உள்ளே நுழையாதபோதுதான் தெரியும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 20 மி.மீ. தண்டை எமரி போட்டுத் தேய்த்துக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். வட்டம் கெட்டு, புல்லி தள்ளாடி, அதைத் தண்டோடு பூட்டும் கீ வெட்டி எறியும். தேவைப்பட்டால் லேத் பட்டறையில் புல்லியின் துளையைப் பெரிதாக்குவதே முறை, அதுவும் மையம் பிசகாமல் செய்கிறவரிடம்.

தண்ணீர் பம்பிலிருந்து எஞ்சினைக் கழற்றியவர்களுக்கு வேறொரு சிக்கல். பம்போடு நேராகச் சேர்ந்து வரும் எஞ்சின்களில் தண்டு பெரும்பாலும் மரை வெட்டியதாக இருக்கும், கீ உட்காரும் பள்ளம் இருக்காது. அதில் கன்வெர்ட்டர் நிற்காது. இன்னொரு வகை, பாதி வேக ரிடக்‌ஷன் பெட்டியோடு வரும் வீடர் எஞ்சின். அதன் வெளித்தண்டு 3600-க்கு பதில் 1800-தான் சுற்றும். முன்புல்லியின் எடைகள் விரியவே அந்த வேகம் போதாது. பெட்டியைக் கழற்றி மூடியையும் தண்டையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கூட்டினால் நேர்த்தண்டு எஞ்சினே வாங்கிவிடலாம்.

மாட்டும் வேலை ஒரு பிற்பகல்தான் பிடிக்கும், முக்கால்வாசி நேரம் செயினுக்குப் போகும். பழைய கிளட்ச்சைத் தண்டின் முனை போல்ட்டைக் கழற்றி உருவ வேண்டும். எஞ்சின் முகத்தில் இருக்கும் நான்கு துளைகளில் கன்வெர்ட்டரின் பின்தகடு உட்காரும். அதன் பேரிங் வழியாக ஒரு துணைத் தண்டு போகிறது. வெளிப்பக்கம் பின்புல்லி, உள்பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட். கிளட்ச் இருந்த இடத்திலிருந்து ஸ்ப்ராக்கெட் உள்ளே நகர்ந்துவிடுவதால் செயின் கோடு மாறும், நீளமும் மாறும். நேரான ஒரு அலுமினியச் சட்டத்தை முன் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒட்டிப் பிடித்து, மறுமுனை பின் ஸ்ப்ராக்கெட்டில் சமமாகத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை அதன் தளத்தில் நகர்த்த வேண்டும் அல்லது ஸ்பேசர் கடைய வேண்டும். "ஓட ஓட சரியாயிடும்" என்று விட்டால் செயின்தான் கழலும்.

30 சீரிஸ் பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் நேர்ச்சுவர், மறுபக்கம் சாய்வு. நேர்ச்சுவர் எஞ்சினைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. சில மணி நேரத்தில் ஓரம் கொத்திக்கொண்டு நூல் பிரியும், பெல்ட் மட்டம் என்று விற்றவரைத் திட்டுவோம்.

மாட்டியதும் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங் 1400 ஆர்பிஎம் பக்கத்தில் இருக்க வேண்டும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் பரவாயில்லை, கையால் பிடித்தால் நிற்க வேண்டும். நிற்காமல் இழுத்தால் ஐடிலிங் அதிகம் அல்லது பெல்ட் முன்புல்லியில் உரசுகிறது. அந்த நிலையிலேயே ஓட்டினால் பெல்ட் நிற்கும்போதும் தேயும். புது பெல்ட்டுக்கு முதல் அரைமணி நேரம் சமதளத்தில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டிப் பழக்குவது நல்லது. முதல் நாளே கரட்டில் ஏற்ற வேண்டாம்.

பின்புல்லி ஸ்பிரிங்கின் முனையைச் செருக ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். இறுக்கமான துளைக்கு மாற்றினால் வண்டி கீழ் விகிதத்தில் அதிக நேரம் நிற்கும், மேட்டில் சட்டென்று இறங்கும். பாதை எப்படியோ அப்படி வைத்துக்கொள்ளலாம். வேறு எந்த மாற்றத்தையும்விட இந்தக் காசில்லாத மாற்றம் அதிகம் பேசும்.

செம்மண், ஈரம், இறக்கம்

கோடையில் இந்தப் பக்கத்துச் செம்மண் மாவாக எழும்பும். பாதுகாப்பு மூடி இல்லாத கன்வெர்ட்டரில் அந்தத் தூள் பெல்ட்டிலிருந்து உதிரும் கரிய தூளோடு சேர்ந்து புல்லித் தட்டில் ஒரு படலமாகப் படியும். விரலால் தேய்த்தால் செங்கல் நிறத்தில் பசைபோல வரும். பெல்ட் அதன்மேல் கவ்வாது. உலர்ந்த துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தட்டுகளைத் துடைத்தால் போதும். முன்புல்லியின் உள் புஷ்ஷுக்கு மட்டும் உலர் மசகு. அங்கே கிரீஸைத் தாராளமாகப் பூசுகிறவர்கள் உண்டு. அது சுழற்சியில் தெறித்து பெல்ட்டில் விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது. மழைக்காலத்தில் ஓடையில் இறக்கி பெல்ட் நனைந்தால் கொஞ்ச நேரம் வழுக்கும். சமதளத்தில் ஓட்டிச் சூடாக்கினால் உலர்ந்துவிடும். மூடி கட்டாயம் வேண்டும், ஆனால் காற்றுத் துளைகளோடு. காற்று போகாத மூடிக்குள் பெல்ட் வெந்துவிடும். விரல்களுக்காகவும் அந்த மூடி வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

கன்வெர்ட்டர் போட்ட கையோடு கவர்னரையும் கழற்றிவிடலாம் என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். வேண்டாம். இந்த எஞ்சின்களின் ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் 3600-ஐ நினைத்துச் செய்தவை. வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் அதிக வேகத்தில் பிளந்தால் அது ஓட்டுபவரின் தொடைக்குப் பக்கத்தில்தான் பிளக்கும். கன்வெர்ட்டரின் பயனே 3600-க்குள் இருந்துகொண்டு மேடு ஏறலாம் என்பதுதான்.

இழுவை பிரச்சினை தீர்ந்ததும் அடுத்த எல்லைகள் தலைகாட்டும். 59 கிலோ விசையில் முன்சக்கரம் எழும்பப் பார்க்கும், ஆகவே உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். சரளைக்கல்லில் டயர் பறிக்கும். இவ்வகை எஞ்சின்களில் ஆயில் பம்ப் இல்லை. உள்ளே கரண்டி போன்ற ஒரு பாகம் ஆயிலைத் தெறிக்கவைத்துத்தான் மசகு போகிறது. 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்ட வேண்டாம் என்பதுதான் ஜிஎக்ஸ் எஞ்சின்களுக்கான வரம்பு. நம் கணக்கின் 14 டிகிரிச் சரிவு அதற்குள் வருகிறது. அதைவிடச் செங்குத்தான கரட்டில் கன்வெர்ட்டர் ஏற்றிவிடும், ஆனால் நீண்ட ஏற்றமானால் எஞ்சின் வறண்டு ஓடும்.

இறக்கத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் பெல்ட் தளர்ந்து, குறைந்த வேகத்தில் எஞ்சின் சக்கரத்தைப் பிடித்திழுப்பது நின்றுவிடும். வண்டி நியூட்ரலில் உருளுவதுபோல உருளும். முன்பு ஏற முடியாததால் இறங்க வேண்டிய தேவையும் வரவில்லை. இப்போது ஏறியவர் இறங்கியாக வேண்டும். பல மினிபைக்குகளில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். கன்வெர்ட்டருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிரேக்குக்கு எடுத்துவைப்பது என் கணக்கில் விருப்பமல்ல, கட்டாயம். முடிந்தால் பின்னால் டிஸ்க், முன்னாலும் ஒன்று.

எங்கே ஓட்டுவது

சொந்தத் தோப்பு, சொந்தக் கரடு, உரிமையாளர் அனுமதித்த நிலம். அவ்வளவுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மிகாத எஞ்சினும் உள்ள வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. 196 சிசி அதில் அடங்காது. பதிவெண் இல்லாமல் பொதுச் சாலையில் இறக்க முடியாது, பஞ்சாயத்து ரோடும் பொதுச் சாலைதான். சிறுவர்கள் அப்படி ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பின் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

காடு இன்னும் கண்டிப்பு. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் மலைகளைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அவற்றுக்குள் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சரணாலயத்துக்கு வெளியேயும், கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரங்களுக்கு யானைக் கூட்டம் வரும். சைலன்சர் சிறுத்த ஒரு வீடர் எஞ்சினை அந்த நேரத்தில் காட்டோரத்தில் உறுமவிடுவது வனத்துறைக்கு முன் யானைக்கே பிடிக்காது.

உதிரி பெல்ட் ஒன்றைக் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. ஸ்கூட்டர் பெல்ட் இதற்குப் பொருந்தாது, ஓசூரில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் சாய்வும் அகலமும் ஒத்துவராது. வண்டியில் கட்டிவைக்க அதோடு இரண்டு ஸ்பேனரும் போதும்: மூடிக்கு ஒன்று, தண்டின் முனை போல்ட்டுக்கு ஒன்று. முன்புல்லியின் வெளித்தட்டை உருவினால் பெல்ட் கையோடு வந்துவிடும்.